கழன்றது டிரம் (இடது பக்கம் மட்டும்)

மூன்று சனிக்கிழமை, ஒரு குட் ஃப்ரைடே. இத்தனையும் செலவழித்து என் டொயோட்டா டாஸ் காரின் பின் இடது பிரேக் டிரம்மை, அதாவது பிரேக்கை மூடியிருக்கும் இரும்புக் கிண்ணத்தை, கழற்றிவிட்டேன். வலது பக்கம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

போன மாதம் முன் பிரேக் பேட் மாற்றியது அரை நாள் வேலை. அந்தத் தெம்பில்தான் பின்பக்கம் கை வைத்தேன். எங்கள் வீட்டு வாசல் நல்ல சரிவு. ஹேண்ட் பிரேக்கைக் கூரைக்கு இழுத்தாலும் கார் மெல்ல மெல்லத் தெருவை நோக்கி நகர்கிறது. இந்தத் தென்னாப்பிரிக்காவில் வருடாவருடம் லைசன்ஸ் டிஸ்க் (கண்ணாடியில் ஒட்டும் வரி வில்லை) புதுப்பிக்கும்போது காரை யாரும் திறந்து பார்ப்பதில்லை. வண்டி ஓடத் தகுதியா என்று பார்க்கும் ரோட்வொர்தி சோதனை வண்டி கைமாறும்போதுதான். நான் வாங்கி ஆறு வருடம் ஆகிறது. சர்வீஸுக்கு விட்ட பட்டறை ஒவ்வொரு பில்லிலும் ‘பின் பிரேக் பார்க்கப்பட்டது’ என்று எழுதியிருக்கிறது. இந்த ஆறு வருடத்தில் அந்த டிரம்மை ஒருவரும் தொடவில்லை என்று நான் கோவிலில் சூடம் அணைத்துச் சொல்வேன்.

டாஸ் 1996 முதல் 2006 வரை டர்பன் ப்ராஸ்பெக்டனில் இருக்கும் டொயோட்டா ஆலையில் செய்த வண்டி. அந்த ஆலை எங்கள் இசிபிங்கோவுக்கு அடுத்தாற்போலத்தான். பிறந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே வாழ்க்கைப்பட்ட கார். ஆனால் இந்தக் கடற்காற்றில் எது துருப்பிடிக்காமல் இருக்கும்?

முதல் சனிக்கிழமையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மானம் போகிற கதை. முன் சக்கரத்துக்குச் செங்கல் கொடுத்து, முதல் கியரில் போட்டு, ஆக்சில் ஸ்டாண்டில் ஏற்றி, டிரம்மோடு இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டினேன். வாசல் சரிவு என்ற பழக்கத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்தே வைத்திருந்தேன்.

இரண்டாவது வாரம் ஹேண்ட் பிரேக்கை விடுவித்தேன். டிரம்மின் முகத்தில் மரை போட்ட இரண்டு ஓட்டைகள் இருக்கும், எட்டு மில்லி போல்ட் போடுவதற்கு. இரண்டையும் மாற்றி மாற்றி இறுக்கினால் டிரம் ஹப்பை (சக்கரம் மாட்டும் நடுக்குடத்தை) விட்டுத் தானாக வெளியே வரும். துரு இளக்கும் கியூ 20 ஸ்பிரே அடித்து ஊறவிட்டு இறுக்கினேன். ‘டங்’ என்று ஒரு சத்தம், அரை சென்டிமீட்டர் நகர்ந்தது. நான் துள்ளியதில் வீட்டுக்காரர் கையிலிருந்த டார்ச் கீழே விழுந்தது. அதோடு சரி. அதற்கு மேல் அசையவில்லை. போல்ட்டை இன்னும் இறுக்கினேன், சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினேன். ஷூவை (டிரம்மின் உட்சுவரில் அழுந்தி வண்டியை நிறுத்தும் வளைந்த பிரேக் கட்டையை) பின் தகட்டோடு பிடித்துவைக்கும் ஆணி ஒன்று வளைந்ததுதான் மிச்சம்.

நான் புரிந்துகொள்ளாமல் தவித்தது இதுதான்: ஹப்பில் பிடித்த துரு ஒரு தடை, ஷூ இன்னொரு தடை. போல்ட் முதல் தடையை மட்டும்தான் தீர்க்கும். வருடக்கணக்கில் ஷூ தேய்த்துத் தேய்த்து டிரம்முக்குள் பள்ளம் விழுந்திருக்கிறது. ஷூ படாத விளிம்பு மட்டும் மேடாக நிற்கிறது. டிரம்மை இழுத்தால் அந்த மேடு போய் ஷூவில் இடித்துக்கொள்கிறது. ஷூவை உள்ளே சுருக்காமல் எத்தனை அடி அடித்தாலும் வராது.

சுருக்க வேண்டுமானால் பின் தகட்டில் இருக்கும் சின்ன ரப்பர் மூடியைப் பிடுங்கி, அந்த ஓட்டை வழியாக உள்ளே ஷூக்களின் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் பல் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். ஒரே ஓட்டைக்குள் இரண்டு ஸ்க்ரூ டிரைவர். ஒன்றால் பல் பின்னால் திரும்பாமல் தடுக்கும் அட்ஜஸ்டர் லீவரைப் பல்லைவிட்டுத் தள்ளிப் பிடிக்க வேண்டும், மற்றதால் ஒவ்வொரு பல்லாக நெம்ப வேண்டும். இரண்டும் நுழைந்துவிட்டால் வெளிச்சம் நுழைய இடமில்லை, எல்லாம் விரல் சொல்கிற கணக்குத்தான். லீவரைத் தள்ளாமல் நெம்பினாலும் சக்கரம் சுற்றும், ‘டிக் டிக்’ என்று அழகாகச் சத்தமும் வரும். ஆனால் இறுகும் திசையில் மட்டும். மூன்றாவது சனிக்கிழமை முழுக்க அந்த டிக் டிக்கைக் கேட்டுச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

குட் ஃப்ரைடே அன்று இசிபிங்கோ மாரியம்மன் கோவிலுக்கு ஊரே திரண்டு வரும். எங்கள் பக்கம் காரை வெளியே எடுப்பது நடக்காத காரியம். விடியற்காலையில் நடந்தே போய்க் கும்பிட்டுவிட்டு வந்து காரடியில் படுத்தேன். முதல் ஸ்க்ரூ டிரைவரின் முனையைக் கல்லில் தேய்த்து மெலிதாக்கி வைத்திருந்தேன், அதுதான் காப்பாற்றியது. லீவர் விலகியதும் எதிர்த்திசையில் பல் நகர்ந்தது. பதினெட்டுப் பல் எண்ணினேன். எழுந்து வந்து டிரம்மைப் பிடித்து இழுத்தேன், தோசைக்கல்லைத் தூக்குவது மாதிரி கையோடு வந்துவிட்டது. அழுகையே வந்தது.

உள்ளே ஒரு கைப்பிடி கறுப்புத் தூசி. பழைய ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஊதிவிடாதீர்கள். முகமூடி போட்டுக்கொண்டு பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைத்தேன். ஷூவைத் தள்ளும் பிரேக் சிலிண்டரின் ரப்பர் உறையை லேசாகத் தூக்கிப் பார்த்தேன். எண்ணெய்க் கசிவில்லாமல் உலர்ந்திருந்தது, பெரிய நிம்மதி. ஸ்பிரிங்குகளை மற்ற பக்கத்தைப் பார்த்து மாட்டு என்பார்கள். மற்ற பக்கம் கழன்றால்தானே! போனில் எடுத்த பதினோரு படங்களை வைத்துத்தான் மாட்டினேன்.

பழைய ஷூவிலிருந்து ஹேண்ட் பிரேக் லீவரைப் புது ஷூவுக்கு மாற்றும்போது அதைப் பிடித்திருக்கும் சி வடிவ வாஷர் உடைந்துவிட்டது. விடுமுறை நாள், எல்லாக் கடையும் மூடல். பக்கத்து வீட்டு அங்கிள் உள்ளே போய்ப் பழைய பேக்கர்ஸ் பிஸ்கட் டப்பா ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். நாற்பது வருட போல்ட், நட், வாஷர். அங்கிளுக்குத் தமிழில் தெரிந்ததெல்லாம் சாமிப் பாட்டும் சாப்பாட்டுச் சொல்லும்தான். சரியான வாஷரையும், வளைந்ததற்குப் பதில் ஒரு ஆணியையும் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு, ‘ரசம் இருக்கா?’ என்றார். இருந்தது, கொடுத்தேன். டிரம்மின் விட்டத்தையும் அவருடைய பெரிய வெர்னியரில்தான் அளந்தோம். டிரம்மிலேயே வார்த்திருக்கும் எல்லைக்குள் இருக்கிறது. விளிம்பு மேட்டை மட்டும் தேய்த்து எடுத்தேன்.

ஷூ வாங்கியது டர்பன் உம்கேனி ரோட்டில், நான்கும் சேர்ந்த செட். ஸ்பிரிங் செட் கேட்டதற்கு ‘ஜஸ்ட் நவ்’ வரும் என்றார்கள். புதிதாக இங்கே வருகிறவர்களுக்கு: ‘ஜஸ்ட் நவ்’ என்றால் இப்போது இல்லை, எப்போதாவது. ஐந்து நாள் ஆயிற்று. அடுத்த தடவை ஹேண்ட் பிரேக் கேபிளையும் சேர்த்தே வாங்கிவிடுவேன், வெளி உறை வெடித்துப் போயிருக்கிறது. டார்க் ரெஞ்ச் (அளவோடு இறுக்கும் ஸ்பேனர்) வாங்கியதில் வீட்டில் சின்னச் சண்டை. வீல் நட்டை 103 நியூட்டன் மீட்டருக்கு வைத்து ‘கிளிக்’ சத்தம் கேட்கும்போது அந்தக் காசு செரித்துவிடுகிறது.

ஒரு பக்கம் புது ஷூ, ஒரு பக்கம் பழசு என்று ஓட்டக்கூடாது. அதனால் கார் வாசலிலேயே நிற்கிறது, நான் வேலைக்குப் பக்கத்து வீட்டுப் பக்கியில் (பிக்கப் வண்டியில்) தொற்றிக்கொண்டு போகிறேன். நேற்று மாலை வலது பக்கம் ஆரம்பிக்கலாம் என்று குனிந்து ரப்பர் மூடியைத் தேடினேன். மூடியே இல்லை. ஓட்டைக்குள் குளவி மண் வைத்து அடைத்திருக்கிறது.