யார் கையெழுத்து அதிகம்?

அப்பா படுக்கையில் கிடந்த 11 மாதங்களும் அவரை அதிகம் பார்த்துக்கொண்டது நான்தான் என்று நம்பியிருந்தேன். யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் தம்பியோடு ஏதாவது மனத்தாங்கல் வந்தால், அந்தக் கணக்கு உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

போன வாரம் அலமாரியை ஒழித்தபோது அந்த நோட்டு கையில் கிடைத்தது. எத்தனை மணிக்கு எந்த மாத்திரை, காய்ச்சல் எவ்வளவு, எந்தப் பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தோம் என்று நாங்கள் மூன்று பேரும் முறைவைத்து எழுதிவந்த நோட்டு. படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் இரவுகளும் அதில் இருக்கின்றன.

தரையிலேயே உட்கார்ந்து, கடைசி மாதத்தில் நள்ளிரவுக்கும் விடிகாலை ஐந்துக்கும் இடையில் எழுதியவற்றை மட்டும் எண்ணினேன். மொத்தம் 84. என் கையெழுத்தில் 19, தங்கையின் கையெழுத்தில் 24, தம்பியின் கையெழுத்தில் 41. அவன் எழுத்து கோட்டை விட்டுச் சரிந்து சரிந்து போகிறது. அப்பாவின் தூக்கம் கெடக்கூடாதென்று விளக்கைப் போடாமல் எழுதியிருக்கிறான். ஓரிடத்தில் இப்படி இருந்தது: “4.15. வலப்பக்கம். காய்ச்சல் 99.2. அக்கா முறை. எழுப்பவில்லை.”

அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது.

1979இல் வெளியான ஓர் ஆய்வுக்காக மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற இரண்டு உளவியலாளர்கள் கனடாவில் 37 தம்பதிகளிடம் இதைத்தான் கேட்டார்கள். வீட்டில் நடக்கும் 20 காரியங்களைச் சொல்லி, ஒவ்வொன்றிலும் உங்கள் பங்கு எவ்வளவு என்று கணவனையும் மனைவியையும் தனித்தனியாகக் குறிக்கச் சொன்னார்கள். இருவர் பங்கையும் கூட்டினால் பெரும்பாலான தம்பதிகளுக்கு முழுமையைத் தாண்டிப் போனது. பெருமைக்காகக் கூட்டிச் சொல்கிறார்கள் என்று சொல்லிவிடவும் முடியாது. சண்டையை ஆரம்பிப்பது போன்ற காரியங்களிலும் அவரவர் பங்கைக் கூட்டித்தான் சொன்னார்கள். தாங்கள் செய்தது எளிதில் நினைவுக்கு வருகிறது, மற்றவர் செய்தது அப்படி வருவதில்லை. விஷயம் அவ்வளவுதான்.

எனக்கு அது உடனே புரிந்தது. நான் எழுந்த 19 முறையும் என் உடம்பில் இருக்கின்றன. இடுப்பு வலி, காலடியில் தரையின் குளிர்ச்சி, காய்ச்சல் மானியை உதறும்போது அது கட்டில் கம்பியில் பட்ட சத்தம், எல்லாம் இருக்கின்றன. தம்பி எழுந்த 41 முறையும் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். தூங்கியவளுக்கு எந்த நினைவு இருக்கும்? நான் பொய்க்கணக்கு வைத்திருக்கவில்லை. பாதி நோட்டை வைத்துக்கொண்டு முழுக்கணக்குப் பார்த்திருக்கிறேன். உடன்பிறந்தவர்கள் ஒருவரையொருவர் ‘நன்றி கெட்டவன்’ என்று சொல்லி முகம் பார்க்காமலே காலம் தள்ளுவதைக் கண்டிருக்கிறேன். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிறு எரிகிறது. அப்படிச் சொல்பவர்களில் பலரும் தாங்கள் கண்டதைத்தான் சொல்கிறார்கள். காணாதது எவ்வளவு என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது.

அன்று மாலையே இருவருக்கும் போன் செய்தேன். அப்பாவைப் பார்த்துக்கொண்டதில் உன் பங்கு எவ்வளவு இருக்கும் என்று கேட்டேன். “பாதிக்கு மேல் நான்தான் அக்கா,” என்றான் தம்பி. தங்கை கொஞ்சம் யோசித்துவிட்டு, “பாதியாவது இருக்கும்,” என்றாள். நான் அதுவரை என் பங்காக வைத்திருந்தது நூற்றுக்கு அறுபது. அதையும் சொன்னேன், அந்த நாலே கால் மணி வரியையும் படித்துக்காட்டினேன். தம்பிக்கு அது ஞாபகமே இல்லை.

போனை வைத்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. அந்த நோட்டில் அம்மாவின் கையெழுத்து ஓரிடத்திலும் இல்லை. ஆனால் அப்பாவைத் தனி ஆளாகத் திருப்ப முடியாது, கனத்த உடம்பு. இந்தப் பக்கம் நாங்கள் இடுப்பைப் பிடித்தால் அந்தப் பக்கம் தோளைப் பிடிக்க ஒருவர் வேண்டும். 84 முறையும் பிடித்தது அவள்தான். நாங்கள் முறைவைத்துத் தூங்கினோம். அவளுக்கு முறையே இல்லை.

அம்மா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவளிடமும் அதே கேள்வியைக் கேட்டேன்.

“நான் என்ன செய்தேன்? நீங்கள் மூன்று பேரும்தான் பாவம், தூக்கமில்லாமல் கிடந்தீர்கள்,” என்றாள். போர்வையின் ஒரு முனையை என் பக்கம் நீட்டினாள், மடிப்பதற்கு.