ஒளிபரப்பு உரிமையும் ஓபி வேனும்

2022 ஜூனில் நடந்த ஐபிஎல் ஏலத்தில் ஐந்து ஆண்டு ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. ஓர் ஆட்டத்துக்கு நூறு கோடிக்கும் மேல். தூர்தர்ஷன் இப்படிப்பட்ட ஏலத்தில் இறங்கக் கூடாது என்பதே என் கருத்து. உரிமைக்குக் கொடுப்பது வாடகைப் பணம். ஒப்பந்தக் காலம் முடிந்தால் நிலையத்தின் கையில் ஒரு கேமராகூட மிஞ்சாது.

நாடே பார்க்க விரும்பும் ஆட்டங்களுக்குச் சட்டம் வேறு வழி வைத்திருக்கிறது. 2004 பாகிஸ்தான் கிரிக்கெட் தொடரின்போது தனியார் சேனலான டென் ஸ்போர்ட்ஸின் நேரலையைத் தூர்தர்ஷனுக்குத் தரச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்கு வந்தது. 2007 தொடக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகள் அணி வந்தபோது தூர்தர்ஷன் ஏழு நிமிடம் தாமதமாகக் காட்டிக்கொள்ளலாம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. பக்கத்து வீட்டில் விக்கெட் விழுந்து ஏழு நிமிடம் கழித்துப் பந்து வீசப்படுவதைப் பார்த்து என்ன பயன்? அதே ஆண்டில் சட்டம் வந்தது. இந்திய ஆண்கள் அணியின் ஒருநாள், டி20 ஆட்டங்கள், ஒலிம்பிக் போன்றவற்றின் நேரலையை, உரிமையாளர் தன் விளம்பரங்களை நீக்கி தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதிக்குக் கொடுத்தாக வேண்டும். விளம்பர வருவாயில் 75 சதவீதத்துக்குக் குறையாமல் அவருக்குப் போகும். ஐபிஎல் இந்தப் பட்டியலில் கிடையாது.

இந்த ஏற்பாடு காகிதத்தில் எளிது. ஓவர் இடைவெளியைத் தூர்தர்ஷன் தன் விளம்பரத்தால் நிரப்பி, அடுத்த பந்துக்கு முன் திரும்பிவிட வேண்டும். ஒரு விளம்பரம் ஐந்து விநாடி நீண்டாலும் பந்து போய்விடும். மழையால் ஆட்டம் கைவிடப்பட்டால், விற்ற விநாடிகளை வேறு நாளில் ஈடுகட்ட வேண்டும். மீதிக் கால் பங்கு வருவாயை வைத்துத்தான் இத்தனையும். இதைவிடப் பெரிய இடி 2017 ஆகஸ்டில் விழுந்தது. பகிரப்பட்ட நேரலை கேபிள் வழியே போகக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய தரைவழி டிரான்ஸ்மிட்டர்களையும் பெரும்பாலும் மூடியாகிவிட்டது. ஆக மிஞ்சியது தூர்தர்ஷனின் கட்டணமில்லாத டிடிஎச் சேவையான ஃப்ரீ டிஷ் மட்டுமே. கேபிள் வைத்திருப்பவர் அதே டிடி சேனலைத் திருப்பினால் வேறு நிகழ்ச்சி ஓடுகிறது. பழுதென்று நினைத்து அவர் கேபிள்காரரைத் திட்டுகிறார்.

பணம் செலவிட வேண்டிய இடம் தயாரிப்பு, அதாவது மைதானத்துக்கே போய்ப் படம்பிடித்து ஒளிபரப்பும் ஓபி வேனும் அதன் குழுவும். யாரும் ஏலம் கேட்காத ஹாக்கி, தடகளம், கபடிப் போட்டிகளைப் படம்பிடிக்கத் தனியார் வர மாட்டார்கள். ஒரு ஹாக்கி ஆட்டத்தைக் கண்ணுக்கு நிறைவாகக் காட்ட ஆறு முதல் எட்டு கேமரா போதும். நடுக்கோட்டுக்கு நேரே உயரத்தில் இரண்டு, ஒன்று அகலக் காட்சிக்கு, மற்றது நெருக்கத்துக்கு. இரு கோல்களுக்கும் பின்னால் ஒவ்வொன்று. பக்கக் கோட்டில் கையில் தூக்கிப் பிடிக்கும் இரண்டு. பெனால்டி கார்னரை மறுபடி காட்ட ஸ்லோமோஷன் பதிவுக் கருவி கட்டாயம் வேண்டும். பந்து யார் காலில் பட்டதென்று தெரியாவிட்டால் வர்ணனையாளர் வாய்மூடி நிற்பார்.

பிழைகள் பெரும்பாலும் முதல் நாள் மைதானத்தைச் சுற்றிப் பார்க்காததால் வருபவை. மாலை ஆட்டமென்றால் முக்கிய கேமராக்கள் மேற்குப் பக்கம், சூரியனுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். பார்வையாளர் மாடம் எதிர்ப்பக்கம் இருக்கிறதென்று இடம் மாற்றினால், ஆட்டக்காரர்கள் கறுத்த நிழல்களாகத் தெரிவார்கள். அவசரத்துக்கு ஒரு கேமராவை மட்டும் எதிரே வைத்தால், இடமிருந்து வலம் ஓடிய வீரர் அடுத்த ஷாட்டில் வலமிருந்து இடம் ஓடுவார். விளக்கொளியில் ஸ்லோமோஷன் எடுத்தால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தால் படம் மினுக்கும். அதை ஒத்திகையிலேயே பார்த்துவிட வேண்டும். ஜெனரேட்டர் இரண்டு, ஒன்று எப்போதும் ஓடத் தயாராக.

2024 ஜனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை நான்கிலும் மத்திய அரசின் கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. சிலம்பமும் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. அந்த ஆட்டக்களத்தில் கம்பின் வேகத்துக்கு எந்த உயரத்தில் கேமரா வைப்பது என்று கற்றுக்கொள்ளும் குழுவுக்குத்தான் பொதுப்பணம் போய்ச் சேர வேண்டும்.