காலை 6.30-க்கு ஒரு கட்டடம், இரவு 12-க்கு வேறொரு கட்டடம்

கீழே மூன்று தளங்களில் கடைகளும் ஒரு மருத்துவ மையமும், அதற்கு மேல் திரையரங்கு, பக்கத்தில் அலுவலகங்கள், ஒட்டினாற்போல ஒரு குடியிருப்புக் கோபுரம், அடியில் இரண்டு அடுக்கு பார்க்கிங். சென்னையில் இப்போது எழும்பும் பெரிய கட்டடங்களில் பல இந்த ரகம்தான். அப்படி ஒன்றுக்கு வழிகாட்டிப் பலகைகளைத் திருத்தி அமைக்கும் வேலை எங்களுக்கு வந்தபோது, கட்டடம் திறந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. பலகைகளுக்குக் குறைவில்லை. அழகாக அச்சிட்டு, நல்ல ஏசிபி ஷீட்டில் (இருபுறமும் அலுமினியத் தகடு ஒட்டிய பலகை) ஒட்டி, கண்ணில் படும் இடத்தில்தான் மாட்டியிருந்தார்கள். ஆனால் அத்தனையும் நண்பகல் நேரத்துக்கு மட்டுமே பொருந்தின.

ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வருபவர்கள் காலை 6.30-க்கே வந்துவிடுவார்கள். கடைகள் திறக்க 10 மணியாகும். முன்வாசலில் 'லேப், 2-ஆம் தளம்' என்று எழுதி அம்புக்குறி போட்டிருந்தது. அது காட்டிய திசையில் எஸ்கலேட்டர் இருந்தது. அதற்கு முன்னால் ஷட்டர் இறங்கியிருந்தது. கையில் ஃபைலோடு வந்த ஒரு பெரியவர் ஷட்டர் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு லீவு போலிருக்கே" என்று மனைவியிடம் சொன்னார். லேப் திறந்துதான் இருந்தது. அதற்கான லிஃப்ட் பக்கவாட்டுச் சந்தில், ஏடிஎம்முக்குப் பின்னால் இருந்தது. கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். காவலாளியின் காலைப் பொழுது முழுக்க இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதிலேயே போகிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

இரவில் வேறு விதம். கடைசிக் காட்சி முடிந்து ஜனங்கள் வெளியே வரும்போது கீழ்த்தளங்கள் இருட்டாகியிருக்கும், எஸ்கலேட்டர் நின்றிருக்கும். 'பார்க்கிங்' என்று அம்புக்குறி காட்டும் கதவு பூட்டிக் கிடக்கும். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சர்வீஸ் லிஃப்ட்டைத் தேடி அலைபவர்களைப் பார்த்தால் நமக்கே மனசு கேட்காது.

அதனால் முதல் வேலையாக, ஒவ்வொரு தளத்துக்கும் இரண்டு வரைபடம் போட்டோம். ஒன்று கடைகள் திறந்திருக்கும் நேரத்துக்கு, மற்றது மூடியிருக்கும் நேரத்துக்கு. எந்த நேரத்திலும் செல்லும் வழி எதுவோ அதற்கு மட்டும் நிரந்தரப் பலகை. நேரத்தைப் பொறுத்து மாறும் வழிகளுக்கு, உள்ளே விளக்கு வைத்த பலகை; விளக்கு எரிந்தால்தான் எழுத்து தெரியும். கடைப்பகுதி விளக்குகளை அணைக்கும் அதே பேனலில் இவற்றையும் இணைத்துவிட்டோம். மால் விளக்கு அணையும்போது பக்கவாட்டு லிஃப்ட்டைக் காட்டும் பலகை தானாக ஒளிரும். யாரும் ஞாபகம் வைத்துச் செய்ய வேண்டியதில்லை. அவசர வழியைக் காட்டும் பச்சைப் பலகைகள் மட்டும் இந்த ஏற்பாட்டில் சேராது. கதவை நோக்கி ஓடும் மனித உருவம் உள்ள அந்தப் பலகை எப்போதும் எரிந்துகொண்டேதான் இருக்க வேண்டும்.

தள எண்களில்தான் பெரிய சிக்கல். அலுவலகப் பகுதி லிஃப்ட்டில் 1 என்று இருந்தது கட்டடத்தின் 4-ஆம் தளம். குடியிருப்பில் 12-க்கு அடுத்தது 14; பதின்மூன்றை விட்டுவிட்டார்கள். விற்பவர்களுக்கு அதில் காரணம் இருக்கலாம். ஆனால் புகை வரும்போது ஒருவர் போனில் "எட்டாவது மாடி" என்று சொன்னால், தீயணைப்பு வீரர்கள் எந்த எட்டாவது மாடிக்கு ஏறுவார்கள்? எந்தப் பகுதியாக இருந்தாலும் தரையிலிருந்து எண்ணினால் ஒரே எண்தான் வர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். அலுவலகப் பகுதி ஒத்துக்கொண்டது, லிஃப்ட் பட்டன்களை மாற்றினார்கள். குடியிருப்பில் பத்திரங்களிலேயே எண் பதிந்துவிட்டதால் தொட முடியவில்லை. அங்கே படிக்கட்டு ஒவ்வொன்றிலும் கோபுரத்தின் பெயர், வீட்டு எண்களின் வரிசை, தரையிலிருந்து எத்தனையாவது தளம் என்பது மூன்றையும் சேர்த்து எழுதினோம்.

நிறத்துக்கும் ஒரு சண்டை நடந்தது. ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்துக்கு 1967-ல் டச்சு வடிவமைப்பாளர் பென்னோ விஸ்ஸிங் பலகைகளை வடிவமைத்தபோது, விமானத்துக்குப் போகும் வழிக்கு மஞ்சள், மற்ற வசதிகளுக்குப் பச்சை என்று பிரித்தார். அந்த யோசனையை நாங்களும் எடுத்துக்கொண்டோம்: வழிக்கு மஞ்சள், வேறு எதற்கும் மஞ்சள் கிடையாது. வெளியே விளம்பரங்கள் கத்தும் இடத்தில், கண் தேடிப் போக ஒரு நிறமாவது வேண்டும். சில கடைக்காரர்கள் தங்கள் பெயரையும் அந்த மஞ்சள் பலகையில் போடச் சொன்னார்கள். மறுத்துவிட்டோம். முடிவெடுக்க வேண்டிய திருப்பத்தில் ஒரு பலகையில் நான்கைந்து வரிக்கு மேல் போனால் நடப்பவர் நின்று படிக்க ஆரம்பிப்பார், பின்னால் வருபவர் முட்டுவார்.

தமிழ் எழுத்தை அமைப்பது தனி வேலை. தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகைகளில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவில் இருக்க வேண்டும் என்பது விதி. உள்ளே இருக்கும் வழிகாட்டிகளுக்கும் தமிழை மேலே, பெரிதாக வைத்தோம். ஒரே உயரத்தில் அமைத்தால் தமிழ் எழுத்து தூரத்திலிருந்து அடைத்துக்கொண்டு தெரியும். 'ண', 'ஞ' போன்றவற்றின் சுழிகளுக்குள் வெளிச்சம் நுழைய இடம் வேண்டும். மேலே 'கீ'யின் சுழி, கீழே 'பூ'வின் வளைவு என்று இரண்டு பக்கமும் நீளுவதால் வரி இடைவெளியையும் கூட்ட வேண்டும். கம்ப்யூட்டர் திரையில் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. முழு அளவில் காகிதத்தில் அச்சடித்து, டேப் போட்டு ஒட்டி, கண்ணாடி போடும் வயதுக்காரர்களை எஸ்கலேட்டர் அடியிலிருந்து படிக்கச் சொன்னோம். எழுத்தின் கனத்தை இரண்டு படி குறைத்தது அதற்குப் பிறகுதான்.

அதே காகிதச் சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. மேல்நோக்கிய அம்புக்குறியை 'நேரே போ' என்றுதான் நாங்கள் போட்டிருந்தோம். எஸ்கலேட்டர் பக்கத்தில் அதைப் பார்த்தவர்கள் 'மேலே ஏறு' என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டதில் தப்பே இல்லை. அங்கே மட்டும் அம்புக்குறியை அப்படியே விட்டுவிட்டு, பலகையையே இன்னும் சில அடி தள்ளி, எஸ்கலேட்டரைத் தாண்டிய பிறகு கண்ணில் படும்படி மாட்டினோம்.

பார்க்கிங்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தூண்களில் எண்ணை நான்கு பக்கமும், நிற்கும் காரின் கூரைக்கு மேலே தெரியும்படி எழுத வேண்டும். நிறத்தோடு எழுத்தும் சேர்ந்தே இருக்க வேண்டும். சிவப்பு, பச்சை வித்தியாசம் தெரியாதவர்கள் நிறைய பேர்.

யாரும் எங்களிடம் கேட்காதது டெலிவரிப் பிள்ளைகளுக்கான வழி. தினமும் இந்தக் கட்டடத்துக்குப் புதிதாக வருபவர்களில் அவர்கள்தான் அதிகம். நிமிஷக் கணக்கில் ஓடுபவர்களும் அவர்கள்தான். அவர்களுக்கான வாசல் பின்தெருவில் இருக்கிறது, செயலியின் வரைபடமோ முன்வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறது. முன்வாசலில் விரட்டுவார்கள், சுற்றிக்கொண்டு வர வேண்டும். இதைத் திட்டத்தில் சேர்க்க நிர்வாகத்திடம் தனியாகப் பேச வேண்டியிருந்தது. இப்போது திருப்பத்துக்கு முன்பே, பைக்கில் வருபவரின் கண் மட்டத்தில், 'டெலிவரி, பின்வாசல்' என்று ஒரு பலகை இருக்கிறது. குடியிருப்பவர்கள் தங்கள் முகவரியில் 'பின்வாசல்' என்று சேர்த்துக்கொண்டால் பாதிச் சுற்று மிச்சம். லிஃப்ட்டுக்குள் அறிவிப்பு ஒட்டியிருக்கிறோம். சிலர் மாற்றிவிட்டார்கள், மற்றவர்களிடம் சங்கத்தின் மூலம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.