பின்பாட்டு மைக்

பங்குனி, சித்திரை வந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் மைக் செட்காரனுக்குத் தூக்கம் கிடையாது. செய்யாறு, வந்தவாசி வட்டாரத்தில் ஏதாவது ஒரு திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடந்துகொண்டே இருக்கும். பகலில் பிரசங்கம், ராத்திரி பத்து மணிக்கு மேல் விடிய விடியக் கூத்து. பிரசங்கம் சுலபம். பிரசங்கியார் உட்கார்ந்த இடத்திலிருந்தே வில்லிபாரதத்தைப் பாடி அர்த்தம் சொல்லுவார். அவருக்கு ஒரு மைக், மரத்தின் மேல் இரண்டு குழாய் ஸ்பீக்கர், அவ்வளவுதான். கூத்துதான் ஆளைச் சோதிக்கும்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ஊரில் கர்ண மோட்சம். மனைவி பொன்னுருவியிடம் கர்ணன் விடைபெறும் கட்டம். வேடக்காரர் ஒரு அடி பாடினால், பின்னால் பெஞ்சில் ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணையோடு இருக்கிறவர்கள் அதே அடியை வாங்கிப் பாடுவார்கள். எனக்கு அது இரைச்சலாகப் பட்டது. கர்ணன் குரல் தெளிவாகக் கேட்கட்டுமே என்று பின்பாட்டு மைக்கை மெல்ல இறக்கிவிட்டேன். சினிமாப் பாட்டிலேயே வளர்ந்த காது, வேறென்ன செய்யும்?

அரை மணி நேரத்தில் கர்ணனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஜமா வாத்தியார், அதாவது கூத்துக் குழுவின் தலைவர், முகத்தில் அரிதாரத்தோடு நேராக என் மேஜைக்கு வந்தார்.

"தம்பி, பின்பாட்டை எங்க காணோம்?"

"பாட்டு புரியலீங்க, அதான் கொறச்சேன்."

"அவன் மூச்சு வாங்குற எடமே அதுதாம்பா. அத நீ அடைச்சிட்டா அவன் எங்க போவான்?"

அப்புறம்தான் கவனித்தேன். பின்பாட்டு ஒலிக்கும் அந்த நேரத்தில்தான் வேடக்காரர் கிறுகி, அதாவது சுழன்று, ஆடுகிறார், மூச்சை இழுத்துக்கொள்கிறார். குழாயில் பின்பாட்டு வராமல் அந்த இடம் வெறுமையாகிப் போக, அதை நிரப்ப அவரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடியிருக்கிறார். தலையில் கிரீடம், தோளில் புஜகீர்த்தி, காலில் சலங்கை, இத்தனையும் சுமந்துகொண்டு!

அன்றைக்கு மைக்கை ஏற்றியவன், இன்றுவரை இறக்கியதில்லை. சட்டையில் மாட்டும் மைக்கும் கூத்துக்கு ஆகாது. மார்புப் பதக்கம் உரசி ராத்திரி முழுக்கக் கரகரவென்று இருக்கும். கூத்தாடும் இடமான களரிக்குக் குறுக்கே கயிறு கட்டித் தொங்கவிடுவேன். அதிலும் உயரம் பார்க்க வேண்டும். ஒருமுறை துரியோதனன் கிரீடம் மைக்கில் மோதி ஊரே கேட்க 'டொக்'கென்றது. கூத்தில் கோமாளியாக வரும் கட்டியக்காரன் விடுவாரா? "மகாராசா, வாசக்கால் தாழ்வா இருக்கு, குனிஞ்சு வாங்க!" என்றார். கூட்டம் அடங்க ரொம்ப நேரமாயிற்று.

அர்ஜுனன் தபசுக்கு மட்டும் என் வித்தை எதுவும் செல்லாது. வேடக்காரர் தபசு மரத்தில் படிப்படியாகப் பாடிக்கொண்டே ஏறுவார். பாதி மரத்துக்கு மேல் வெறும் குரல்தான். உச்சியிலிருந்து அவர் எலுமிச்சம்பழமும் விபூதியும் போட, குழந்தை வரம் கேட்டு வந்த பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். அத்தனை கூட்டத்திலும் அந்தக் குரல் கேட்கும். நான் மேஜையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

போன வருஷம் பதினெட்டாம் போர் முடிந்து, போர்க்களமாக அமைத்திருந்த படுகளத்தில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன். மண்ணால் செய்து கிடத்தியிருந்த துரியோதனனை ஜனங்கள் பிடிப்பிடியாக வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். வயதான ஒரு அம்மா என்னிடம் வந்தார்.

"நடக்க முடியாம பத்து நாளும் திண்ணையிலயே படுத்துக் கேட்டேன். நேத்து ராத்திரி பின்பாட்டுல ஒருத்தன் தூங்கிட்டான், இல்ல?"

தூங்கித்தான் போனார்.