காது கேளாத பிள்ளைக்குக் கணக்கு வராதா?

"காது கேட்காத பிள்ளைக்குக் கணக்கெல்லாம் வராது" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. 2004இல் வெளியான ஓர் ஆய்வில் 3, 4 வயதுக் குழந்தைகளுக்குச் சில பொருள்களைக் காட்டி, அதே எண்ணிக்கையில் எடுத்து வைக்கச் சொன்னார்கள். ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டியபோது காது கேட்கும் குழந்தைகளுக்குக் காது கேளாத குழந்தைகள் சமம். மொத்தமாகப் பரப்பிக் காட்டியபோது இவர்களே ஒரு படி மேல்!

அப்புறம் பள்ளியில் ஏன் பின்தங்குகிறார்கள்? "பாதி கொடு", "இன்னும் ரெண்டு நாள்தான்", "உன்னைவிட மூணு வயசு பெரியவ" என்று மற்ற பிள்ளைகள் வீட்டுப் பேச்சிலேயே கணக்கைக் காதில் வாங்கி வளர்கிறார்கள். இவர்களுக்கு அது கிடைப்பதில்லை.

பிறந்ததுமே செவித்திறனைப் பரிசோதியுங்கள். கருவியோ சைகை மொழியோ, சீக்கிரம் மொழி கிடைக்கட்டும். சைகை என்றால் வீட்டில் எல்லோரும் கற்க வேண்டும், அம்மா மட்டும் அல்ல. கணக்கைப் படமாக வரைந்தும் காட்டுங்கள்.