கரண்டிச் சூடும் குக்கர் சூடும்

பருப்பு வைத்த குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. உள்ளே சுமார் 120 டிகிரி.

பாட்டுலிசம் என்பது கிருமியின் நச்சு நரம்பைத் தாக்கித் தசைகளை முடக்கும் நோய். அந்தக் கிருமியின் ஸ்போர், அதாவது கெட்டி ஓட்டுக்குள் உறங்கும் வடிவம், சாக அந்தச் சூடு வேண்டும். வெறும் கொதிநீரில் மணிக்கணக்கில் கிடந்தாலும் பிழைத்துக்கொள்ளும்.

ஸ்போர் கலந்த ஹெராயினை ஊசியில் ஏற்றும் முன் கரண்டியில் காய்ச்சுவது கொஞ்ச நேரம்தான். அதுவும் கரைவதற்கு, கிருமி சாவதற்கு அல்ல.

ஸ்காட்லாந்தில் 2009 டிசம்பரில், ஸ்போர் மூலம் பரவும் இன்னொரு நோயான ஆந்த்ராக்ஸ் இப்படித்தான் ஹெராயின் வழியாக நுழைந்தது. சந்தேகக் கேஸ்களும் சேர்த்து 119 பேர், 14 சாவு. தோல் ஆந்த்ராக்ஸில் டாக்டர்கள் தேடும் கறுப்புப் பொருக்கு இவர்களிடம் பொதுவாக இல்லை. ஊசி போட்ட இடத்தில் அளவுக்கு மீறிய வீக்கம் மட்டும்.

பாட்டுலிசம் பெரும்பாலும் ரத்தக்குழாய் கிடைக்காமல் தோலுக்கடியிலோ தசையிலோ போடுபவர்களுக்கு. பழுப்பு ஹெராயின் கரைய அமிலம் சேர்ப்பார்கள். கூடிப்போனால் திசு வெந்துவிடும். செத்த திசுவில் ஆக்சிஜன் இல்லை. ஸ்போர் முளைக்க அதைவிட நல்ல இடம் ஏது?

புண் சின்னதாக இருக்கும். காய்ச்சல்கூடப் பல நேரம் இருக்காது.

முதலில் இமை தொங்கும்.

பிறகு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும், பேச்சு குழறும், விழுங்க முடியாது. கடைசியில் மூச்சு. பார்ப்பவர்கள் போதை என்றே நினைப்பார்கள். ஹெராயின் போதையை முறிக்கும் நலோக்சோன் மருந்தைப் போட்டாலும் இமை ஏறாது. ஆனால் ஆள் தெளிவாக இருப்பார். அதுதான் துப்பு.

லேப் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் ஆன்டிடாக்சின் என்ற நச்சுமுறி மருந்து கொடுக்க வேண்டும். ரத்தத்தில் சுற்றும் நச்சை மட்டுமே அது பிடிக்கும், நரம்பு முனையில் ஏற்கெனவே ஒட்டியதை எடுக்காது. புண்ணைக் கீறிச் சுத்தம் செய்யாவிட்டால் உள்ளே நச்சு ஊறிக்கொண்டே இருக்கும்.

தாமதித்தால், வென்டிலேட்டரில் வாரக்கணக்கு.