ஹெல்மெட் கேசுக்கு ஷாக் துப்பாக்கியா?

வண்டி செக்கிங்கில் போலீஸ்காரரும் பைக்கில் வந்தவரும் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? ஒரு கை நீளம், அவ்வளவுதான். பேரிகார்டுக்கு நடுவே வண்டி மெதுவானதும் ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடிப்பார், சாவி மேல் கை வைப்பார், "ஓரமா நிறுத்துங்க" என்பார். காந்திபுரமானாலும் ஈரோடு பன்னீர்செல்வம் பார்க் ஆனாலும் பெருந்துறை பைபாஸ் ஆனாலும் இதே காட்சிதான். வாட்ஸ்அப்பில் அமெரிக்க வீடியோவைப் பார்த்துவிட்டு, "நம்ம டிராபிக் போலீசுக்கும் அந்த ஷாக் துப்பாக்கியக் குடுத்தா ஒருத்தனும் எதுத்துப் பேசமாட்டானுங்க" என்று டீக்கடையில் சொல்கிறவர்கள் இந்த ஒரு கை நீளத்தை மறந்துவிடுகிறார்கள். அந்தக் கருவி சரியாக வேலை செய்யாத தூரமே அதுதான்.

டேசர் எனும் அந்த ஷாக் துப்பாக்கி எப்படி வேலை செய்கிறது என்பதை நம்மூர்க்காரருக்கு விளக்குவது சுலபம். தோட்டத்துக்குச் சூரிய மின்வேலி போட்டவர்களுக்குப் பாதி ஏற்கெனவே தெரியும். வேலியில் ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும், தொட்டால் உதறித் தள்ளும், ஆனால் ஆள் சாகமாட்டார். ஏனென்றால் மின்சாரம் தொடர்ந்து ஓடுவதில்லை. நொடிக்கு ஒரு தடவை, கண்சிமிட்டுவதற்கும் குறைவான நேரம் ஒரு துடிப்பு, அவ்வளவுதான். பன்றிக்கென்று வீட்டு லைனிலிருந்து 230 வோல்ட்டைத் திருட்டுத்தனமாகக் கம்பியில் கொடுத்தால்தான் யானையும் சாகிறது, மனுசனும் சாகிறான். டேசரும் அந்தத் துடிப்பு வகைதான். ஆனால் வேகம் வேறு. ரொம்ப நாள் புழக்கத்தில் இருந்த எக்ஸ்26 மாடல் நொடிக்கு 19 துடிப்பு அனுப்பும். ஒருமுறை விசையை அழுத்தினால் 5 நொடி ஓடும், அதாவது 95 துடிப்பு. விளம்பரத்தில் சொல்கிற 50,000 வோல்ட் காற்றிடைவெளியைத் தாண்டுவதற்குத்தான். உடம்பில் இறங்கும்போது அது சுமார் 1,200 வோல்ட்டாகக் குறைந்துவிடும். சராசரி மின்னோட்டம் 2 மில்லி ஆம்பியர் அளவு.

முன்பக்கம் ஒரு தோட்டா இருக்கும். அதற்குள் அழுத்தி அடைத்த நைட்ரஜன் வாயு, இரண்டு முள், முள்ளுக்குப் பின்னால் மெல்லிய கம்பிச் சுருள். சுட்டதும் இரண்டு முள்ளும் பறந்துபோய்ச் சட்டையைத் துளைத்துத் தோலில் தைக்க வேண்டும். இரண்டும் தைத்தால்தான் சுற்று முழுமையாகும். ஒன்று குறி தவறினாலும் வெறும் டிக்டிக் சத்தம்தான்.

இரண்டு முள்ளும் ஒரே நேர்கோட்டில் போவதில்லை. எட்டு டிகிரி விரிந்து போகும்படி வைத்திருக்கிறார்கள். 7 அடி தூரத்தில் சுட்டால் முட்களுக்கு நடுவே ஒரு அடி இடைவெளி கிடைக்கும். தசைகள் மொத்தமாக இறுகி ஆள் சாய வேண்டுமென்றால் குறைந்தது அந்த ஒரு அடி வேண்டும். வண்டி செக்கிங்கில் இருக்கிற 3 அடி தூரத்தில் சுட்டால் ஐந்து அங்குலம்தான் வரும். வலிக்கும், ஆள் விழமாட்டார். துப்பாக்கி முனையை நேரடியாக உடம்பில் வைத்து அழுத்தினாலும் அதே கதை. வலி மட்டும்தான். போதையிலும் கோபத்திலும் இருக்கிறவனுக்கு வெறும் வலி கொடுத்தால் அடங்குவானா, இன்னும் மூர்க்கமாவானா என்று சொல்ல வேண்டியதில்லை. புது மாடல்களில் கிட்டத்தில் சுடுவதற்கென்று அதிகம் விரிகிற தோட்டா வந்திருக்கிறது. அதற்கும் நாலைந்து அடியாவது வேண்டும்.

துணியும் ஒரு சிக்கல். திருப்பூர் பனியன் மட்டும் போட்டவன் மேல் முள் நன்றாகத் தைக்கும். தொளதொள வேட்டியும் லுங்கியும் அப்படியில்லை. மேல் முள் நெஞ்சுப் பக்கம் போகும், கீழ் முள் வேட்டி மடிப்பில் சிக்கித் தொங்கும். மார்கழி விடியற்காலையில் ஜெர்கினும் மப்ளருமாக வருகிறவர், ஐப்பசி மழையில் ரெயின்கோட் மாட்டியவர் என்றால் இன்னும் மோசம்.

சரி, இரண்டு முள்ளும் நன்றாகவே தைத்துவிட்டது என்று வையுங்கள். அதற்கப்புறம்தான் பெரிய பிரச்சினை. தசை இறுகியவர் கையை ஊன்ற முடியாது. வெட்டிய மரம் மாதிரி முகம் குப்புற விழுவார். மின்சாரத்தைவிட இந்த விழுதலில் வருகிற மண்டைக்காயத்துக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். ஹெல்மெட் போடாததற்காக நிறுத்தப்பட்டவன் தலையில் ஹெல்மெட் இருக்காது என்பதையும் நினைத்துப் பாருங்கள். ஓடுகிற வண்டியில் இருப்பவர், உயரத்தில் இருப்பவர், தண்ணீர் ஓரம் நிற்பவர், கர்ப்பிணி, எரிபொருள் பக்கம் இருப்பவர், இவர்கள்மேல் பயன்படுத்த வேண்டாமென்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். இந்தப் பட்டியலை நம்ம ரோட்டில் பொருத்துங்கள். பைக்கில் வந்தவரின் இரண்டு தொடைக்கும் நடுவே பெட்ரோல் டேங்க். வண்டி சாய்ந்தால் மூடி ஓரம் கசியும், கம்பி முனையில் தீப்பொறி. நாமக்கல், சங்ககிரி லாரி டிரைவர் கேபினிலிருந்து இறங்கும்போது தரையிலிருந்து நாலடி உயரத்தில் கால் வைத்திருப்பார். கீழ்பவானி வாய்க்கால் பாலத்தில் நின்று செக் பண்ணுகிறார்கள். தண்ணி விட்டிருக்கும் நாளில் ஐந்து நொடி கைகால் அசையாதவன் அதற்குள் விழுந்தால் என்ன ஆகும்?

இன்னொன்றும் உண்டு. அந்த ஐந்து நொடியில் "கையைத் தூக்கு", "படு" என்று கத்தினால் அவரால் செய்யவே முடியாது. செய்யவில்லை என்பதையே எதிர்ப்பு என்று எடுத்துக்கொண்டு மறுபடி அழுத்துவார்கள். அமெரிக்காவில் 2011இல் வந்த வழிகாட்டு நெறிகள் மொத்தம் 15 நொடிக்கு மேல் போகக்கூடாது என்கின்றன. நெஞ்சைக் குறிவைக்க வேண்டாமென்று 2009இலேயே தயாரிப்பாளர் சொல்லிவிட்டார். டேசர் அடிபட்ட பிறகு அமெரிக்காவில் இறந்தவர்கள் ஆயிரத்துக்கு மேல் என்று 2017இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் தொகுத்தது. அதில் 153 பேரின் சாவுக்கு டேசரே காரணம், அல்லது ஒரு காரணம் என்று பிரேதப் பரிசோதனையில் பதிவாகியிருந்தது.

அங்கேயே போக்குவரத்து வழக்கில் இது எப்படிப் போனது என்று பாருங்கள். 2005இல் கலிபோர்னியாவின் கொரோனாடோவில் சீட் பெல்ட் போடாத 21 வயதுப் பையனை நிறுத்தினார்கள். அரைக்கால் சட்டையோடு காரைவிட்டு இறங்கி, தன்மேலேயே கோபப்பட்டுப் புலம்பிக்கொண்டிருந்தான். கையில் ஆயுதமில்லை. போலீஸ்காரர் இருபது அடிக்குக் குறையாத தூரத்தில். சுட்டதும் முகம் குப்புற விழுந்து நாலு பல் உடைந்தது, முள்ளைக் கத்தியால் கீறி எடுத்தார்கள். இது அளவுமீறிய பலம் என்றுதான் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆனால் அன்றைக்குச் சட்டம் தெளிவாக இல்லை என்று அதிகாரியை விட்டுவிட்டது. 2004இல் சியாட்டிலில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர், வேகமாக ஓட்டியதற்கான சீட்டில் கையெழுத்துப் போட மறுத்தார். தொடை, கை, கழுத்து என மூன்று தடவை வைத்து அழுத்தினார்கள். அதிலும் தீர்ப்பு அதே மாதிரிதான்: தப்பு, ஆனால் தண்டனை இல்லை. 2021 ஏப்ரலில் மினசோட்டாவில் காலாவதியான பதிவு வில்லைக்காக நிறுத்திய காரில் இருந்த 20 வயது இளைஞரை, டேசர் என்று கத்திக்கொண்டே அசல் கைத்துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார் ஓர் அதிகாரி. 26 வருட சர்வீஸ் உள்ளவர். ஜூரி அவரைக் குற்றவாளி என்றது.

நம்ம சட்டத்தில் இதற்கு இடமிருக்கிறதா? பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43ஆம் பிரிவு, கைதை ஒருவர் பலவந்தமாக எதிர்த்தாலோ தப்பப் பார்த்தாலோ தேவையான வழிகளைப் பயன்படுத்தலாம் என்கிறது. 46ஆம் பிரிவு, தப்பாமல் தடுப்பதற்கு மேல் ஒரு துளியும் கட்டுப்படுத்தக்கூடாது என்கிறது. இரண்டும் கைதைப் பற்றியவை. ஹெல்மெட் இல்லாததற்குக் கைதே கிடையாது, 1,000 ரூபாய் அபராதமும் மூன்று மாத லைசென்ஸ் தடையும்தான். மோட்டார் வாகனச் சட்டத்தில் வாரண்ட் இல்லாமல் கைது செய்ய 202ஆம் பிரிவு குறிப்பிடுவது அபாயகரமாக ஓட்டுவது, குடித்துவிட்டு ஓட்டுவது, வண்டியை அனுமதியில்லாமல் எடுத்துப்போவது போன்ற சிலவற்றைத்தான். நிற்காமல் போனால்? நம்பர் பிளேட் இருக்கிறது, கேமரா இருக்கிறது, இ-சலான் ஓனர் செல்போனுக்குப் போய்விடும். போலி நம்பரில் வந்த செயின் பறிப்புக்காரன் என்றால் அது டிராபிக் கேசே இல்லை. அடுத்த செக்போஸ்ட்டுக்கு வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டிய கேஸ்.

குடித்தவர் விஷயத்தில் வேலை இன்னும் நிதானமாக நடக்க வேண்டும். முதலில் சாவியை எடுப்பது, வண்டியை ஸ்டாண்ட் போட்டு ஆளை ரோட்டுக்கு அந்தப்பக்கம் கூட்டிப்போவது, ஊதச் சொல்வது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் வழக்கு. கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டர் பரிசோதிக்க வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும். ஷாக் கொடுத்து மண்டை உடைந்தவரை வைத்துக்கொண்டு இந்த இரண்டு மணி நேரத்தை ஓட்டிப் பார்க்கட்டும்.

"லத்தியால் அடிப்பதைவிட இது மேல் இல்லீங்களா" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். 2021 ஜூனில் சேலம் மாவட்டம் பாப்பநாயக்கன்பட்டி சோதனைச் சாவடியில் பைக்கில் வந்த மளிகைக்கடைக்காரர் லத்தியடி பட்டு இறந்தார், சிறப்பு உதவி ஆய்வாளர் கைதானார். அந்த லத்திக்குப் பதில் டேசர் இருந்திருந்தால் அவர் பிழைத்திருக்கலாம். ஆனால் அந்த இடத்தில் லத்தியே வேண்டியிருக்கவில்லை. தேவையில்லாத அடியை வேறு கருவிக்கு மாற்றுவது எனக்குச் சீர்திருத்தமாகத் தெரியவில்லை. லத்தி வீங்கவைக்கும், ஊர் பார்க்கும். டேசர் விடுவது இரண்டு சின்னப் புள்ளி. கூச்சமில்லாமல் எடுப்பதற்கு அது வசதி.

ஒரு சமயம் மட்டும் ஒத்துக்கொள்ளலாம். நிறுத்திய வண்டியிலிருந்து அரிவாளோடு ஒருவன் இறங்குகிறான், பத்துப் பதினைந்து அடி இடைவெளி இருக்கிறது, பக்கத்தில் இன்னொரு போலீஸ்காரர் கைத்துப்பாக்கியோடு துணைக்கு நிற்கிறார். அப்போது கைத்துப்பாக்கிக்கு முந்தைய படியாக டேசர் ஓர் உயிரைக் காப்பாற்றும். அதற்கும் கருவி செக்கிங் நிற்கிற ஒவ்வொருவர் இடுப்பிலும் தொங்க வேண்டியதில்லை. ரோந்து வண்டியில், பயிற்சி எடுத்த ஒருவரிடம், கைத்துப்பாக்கிக்கு எதிர்ப்பக்க இடுப்பில் இருந்தால் போதும்.

அப்படி என்றைக்காவது இங்கே வந்து, ஒரு வழக்கும் ஆனால், வக்கீல் முதலில் கேட்க வேண்டியது கருவியின் நினைவகப் பதிவை. விசை எத்தனை தடவை, எந்த மணிக்கு, எத்தனை நொடி அழுத்தப்பட்டது என்பது அதில் இருக்கும். லத்திக்கு இந்த ஞாபகசக்தி இல்லை. தோட்டா வெடிக்கும்போது வரிசை எண் அச்சிட்ட பொடிக் காகிதத் துண்டுகள் தரையில் சிதறும், அவற்றைப் பெருக்கித் தள்ளுவதற்குள் போட்டோ எடுத்துவிடுங்கள். முள் கண்ணிலோ கழுத்திலோ இடுப்புக்குக் கீழோ தைத்திருந்தால் பிடுங்காதீர்கள், கம்பியை மட்டும் நறுக்கிவிட்டு அப்படியே அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தலை அடிபட்டதா என்று பார்க்கும்படி டாக்டரிடம் தனியாகச் சொல்லி, அதையும் விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.